சிலுவைப் பண்டாரி வீட்டுச் சுறாப் புட்டு

மாதாவுக்குத் தெரியாத எதையும் நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவளுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது, அவளுக்கும் கொடி விழுந்திருக்கும், அதை யார் எடுத்தார்கள், எங்கே புதைத்தார்கள் என்று வேதத்தில் எழுதவில்லையே தவிர, மாட்டுக் கொட்டிலின் ஒரு மூலையில் சூசையப்பர் தன் தச்சுக் கையால் குழி தோண்டி, மேலே நாலு வைக்கோலைத் தள்ளி மூடியிருப்பார் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்துக்கொள்வதால் இந்தக் கதையைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இல்லை. எங்கள் புன்னைத்துறையில் டெல்பினுக்குப் பிள்ளை பிறந்த அன்றைக்கு, அவளுடைய நஞ்சுக்கொடியை ஊரே சாப்பிட்டது. தெரிந்து சாப்பிடவில்லை. ஆனால் ருசியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

டெல்பினின் அப்பா சிலுவை, கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகளில் பண்டாரியாக இருந்தவர். தோணியில் சமைப்பவரைப் பண்டாரி என்பார்கள். காற்றிலும் அலையிலும் ஆடும் தளத்தில் மண்பெட்டி அடுப்பை வைத்துக்கொண்டு, குழம்புச் சட்டியை ஒரு காலால் அணைத்தபடி கரண்டி பிடித்த மனிதர். கரையேறின பிறகும் அவர் நிற்பதே அடுப்புக்கு முன்னால் ஒரு பக்கம் சாய்ந்துதான். மனைவி இறந்த பின் வீட்டு அடுப்பும் அவர் கைக்கு வந்தது. மகளைக் கட்டியவன் வினிஸ்டன் கப்பல் வேலைக்குப் போயிருந்தான், அவன் முகம் போனில் மட்டும் வந்து போகும். அப்படியாக அந்த வீட்டில் டெல்பினும் சிலுவையும், ஒத்தாசைக்கு வந்து தங்கிய சிலுவையின் அக்கா பிரகாசியும்தான். ஒரே சுவருக்கு இந்தப்பக்கம் நான்.

வலி காலையில் மெதுவாகத்தான் தொடங்கியது. ஆட்டோவுக்குச் சொல்லி, ஆட்டோ வந்து, ஆட்டோக்காரன் திருப்ப இடம் பார்ப்பதற்குள் பிள்ளைக்கு அவசரம் வந்துவிட்டது. துணைச் சுகாதார நிலையத்து நர்ஸம்மா ஓடி வந்து பிள்ளையை எடுத்தாள். பெண் பிள்ளை. கொடியும் முழுசாக விழுந்தது. இன்றைக்குத் தாய்க்குக் கஞ்சி மட்டும் போதும், மீன் கீன் எல்லாம் நாளைக்கு என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா அடுத்த வேலைக்குப் போனாள்.

கொடியைக் கண்ட இடத்தில் போடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி, புதுப் பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, வெயில் தாழ்ந்ததும் வீட்டுக்குப் பின்னால் நாய் தோண்டாத ஆழத்தில் புதைக்க வேண்டும். பிரகாசி அதை எல்லாம் முறையாகச் செய்து, பானையை அடுக்களையின் பின்வாசல் நிழலில் வைத்துவிட்டு, கடப்பாரையும் ஆளும் தேடிப் போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கடற்கரையிலிருந்து பால்சுறா வந்தது. பிள்ளை பெற்ற வீட்டுக்குப் பால்சுறா அனுப்புவது எங்கள் ஊர் மரியாதை. அதை அவித்து, தோலை உரித்து, உதிர்த்துப் புட்டாக்கித் தாய்க்குக் கொடுத்தால் பால் ஊறும். தாய் சாப்பிடுகிறாளோ இல்லையோ, முதல் புட்டு பிள்ளை பிறந்த அன்றைக்கே தெருவுக்கெல்லாம் ஆளுக்கொரு பிடி போக வேண்டும், யாரும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. வந்த சுறாவோ சின்னது. சிலுவை அதைத் தூக்கிப் பார்த்து, தெருவை நினைத்துப் பார்த்து, கவலையோடு திரும்பியபோது பின்வாசலில் பானையைக் கண்டார்.

தோணியில் ஒரு சட்டம் உண்டு. உப்பும் மஞ்சளும் தடவி, வாய் கட்டி, நிழலில் எதை வைத்தாலும் அது பண்டாரிக்கு. யார் பிடித்தது, எப்போது பிடித்தது என்று அவர் கேட்கமாட்டார், அவிழ்ப்பார், ஆக்குவார், எல்லாருக்கும் வைப்பார். ஒரு ஆயுசு முழுக்க அப்படி இருந்த கை, அன்றைக்கும் அப்படியே போய்த் துணியை அவிழ்த்தது. உள்ளே கருஞ்சிவப்பாய் ஒரு கண்டம். சூரை மீன் சதை அந்த நிறம்தான். யாரோ புண்ணியவான் சூரை அறுத்து அனுப்பியிருக்கிறான் என்று சிலுவை வானத்தைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, சுறாவோடு சேர்த்து அவித்தார், உதிர்த்தார், துணியில் கட்டிப் பிழிந்தார், சின்ன வெங்காயமும் பூண்டும் அள்ளி அள்ளிப் போட்டு, இஞ்சி தட்டி, மிளகு நுணுக்கி, கறிவேப்பிலை கிள்ளி, இறக்கும் முன் தேங்காய் துருவிப் போட்டு, தெருவுக்கு வாசம் போகும்படி மூடியைத் திறந்துவைத்தார்.

அந்தப் புட்டு வீடு வீடாகப் போனது. எனக்கு வந்தது, எதிர்வீட்டு இன்னாசிக்கு வந்தது, இன்னாசியோடு பேச்சில்லாத அவன் தம்பி அல்போன்சுக்குத் தனி இலையில் போனது, பங்குச் சாமியாருக்குப் போனது, டீக்கடை மீரான் பாய்க்குப் போனது, ஐஸ் கம்பெனிக்குப் போனது, கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களுக்கும் படகு தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கும் வாயில் ஊட்டியே விடப்பட்டது. பிரகாசி கடப்பாரையும் கையுமாகத் திரும்பி வரும் வழியில் யாரோ அவள் வாயிலும் ஒரு பிடி வைத்தார்கள். அதை மென்றுகொண்டேதான் அவள் பின்வாசலுக்குப் போனாள். நான் அப்போது கஞ்சி ஆற்றிக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

“தம்பி, இந்தப் பானையில இருந்தது எங்க?”

“புட்டுல கெடக்கு. கொஞ்சம் முத்தின சூரை, ரெண்டு தடவ அவிக்க வேண்டியதாப் போச்சு.”

“அது சூரை இல்லடே.”

“பின்ன?”

பிரகாசி டெல்பின் படுத்திருந்த அறையைப் பார்த்தாள். சிலுவையும் பார்த்தார். பிறகு கரண்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, தோணி கவிழ்ந்தவரைப் போல அடுக்களைத் தரையில் உட்கார்ந்தார். பிரகாசி வாயிலிருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு விழுங்கினாள். “நம்ம பிள்ளையோடதுதான,” என்றாள்.

செய்தி புட்டைவிட வேகமாகத் தெருவில் போனது. விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தவர்கள் உண்டு, ஒன்றும் வரவில்லை. சிலர் சாமியாரிடம் போய் நின்றார்கள். அவர் வெறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, “தெரியாமச் சாப்பிட்டது பாவமில்ல. இப்பத் தெரிஞ்சுக்கிட்டு ஓங்கரிச்சா, அது வேணா அந்தப் பிள்ளைக்குச் செய்யுற மரியாதைக் குறைவு,” என்றார். டீச்சர் செல்வராணி போனில் தேடிப் படித்து, வெளிதேசங்களில் இதைக் காயவைத்துப் பொடியாக்கி மாத்திரைக்குள் அடைத்து விழுங்குகிற தாய்மார்கள் இருக்கிறார்களாம் என்று சொன்னாள். “மாத்திரையிலயா?” என்று கேட்ட மீரான் பாய், “நமக்கு வெங்காயம் பூண்டு போட்டுல்லா வந்திருக்கு,” என்று சொல்லிவிட்டுப் பாய்லரைத் துடைக்கப் போய்விட்டார். அதோடு ஊர் சமாதானமாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

விளக்கு வைக்கும் நேரம் பிள்ளை விழித்தது.

அப்போதுதான் எனக்குத் தொப்புளில் இழுத்தது. வலி இல்லை, கூச்சம் இல்லை, ஆழத்தில் கிடக்கும் தூண்டிலை மீன் வாயில் வைத்ததும் கையில் தெரியுமே, அப்படி ஒரு இழுப்பு, கிழக்குப் பக்கமாக, சுவருக்கு அந்தப்பக்கமாக. நான் எழுந்தேன். தெருவில் எல்லாரும் எழுந்திருந்தார்கள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சட்டியைப் போட்டது போட்டபடி, பேச்சை விட்டது விட்டபடி, ஊரே டெல்பின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. யாரும் ஏன் வந்தாய் என்று யாரையும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பசி என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, நம் பசி நமக்குத் தெரிகிற மாதிரி. கைப்பிள்ளை வைத்திருந்த ஜோதிமணி உள்ளே போய் எடுத்துப் பால் கொடுத்தாள். கொடுத்ததும் இழுப்பு நின்றது. எல்லாரும் நிம்மதியாக மூச்சுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். ஒரு வாரத்துக்குள் புன்னைத்துறைக்கு இது மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது. நேராக இழுத்தால் பசி, விட்டு விட்டு இழுத்தால் துணி நனைந்திருக்கிறது, முறுக்கி இழுத்தால் வயிற்றில் காற்று, சும்மா ஒரு துடிப்பு மட்டும் வந்தால் அது தூக்கத்தில் சிரிக்கிறது என்று ஐஸ் உடைக்கிற ஆள்கூடச் சொன்னான். ஓமத்தண்ணீர் வேண்டுமா வசம்பு வேண்டுமா என்று வலைக்காரர்கள் கரையில் நின்று வழக்காடினார்கள். கடலுக்குப் போனவர்களுக்கு இழுப்பு குறையவில்லை, தூரம் போகப் போகக் கூடியது. அதிலும் ஒரு நன்மை இருந்தது. ஐப்பசி மூட்டத்தில் கரை தெரியாதபோது அவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு, பிள்ளை அழட்டும் என்று காத்திருந்து, தொப்புள் இழுத்த திசையில் படகைத் திருப்பி, நேராக எங்கள் துறைக்கே வந்து சேர்ந்தார்கள். சாமியாருக்குப் பிரசங்க நடுவில் இழுக்கும், அவர் ஆமென் சொல்லி முடித்துக்கொள்வார். ஊருக்கு அந்தப் பிள்ளைமேல் பாசம் இன்னும் கூடியது. இன்னாசியும் அல்போன்சும் வேலிக்கல் தகராறில் முகம் பார்க்காதவர்கள், ஒரே இழுப்புக்கு ஓடி வந்து அந்த வீட்டு நடையில் முட்டிக்கொண்டார்கள்.

“நீ முன்னால போ.”

“நீ போ. உனக்குத்தான் பெரிய இலையில வந்துச்சு.”

அவர்கள் பல வருசத்தில் பேசிய முதல் பேச்சு அது.

நானும் சந்தோசமாகத்தான் இருந்தேன். என் பிள்ளைகள் வளர்ந்து, கட்டிக்கொடுத்து, ஆளுக்கொரு திசையில் போன பிறகு, ஒரு சின்ன உயிர் நீ வேண்டும் என்று என்னை இழுப்பது எவ்வளவு பெரிய இனிப்பு என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இழுப்புக்கும் மாதாவுக்கு நன்றி சொன்னேன். அந்த நன்றிக்கு நடுவில்தான், வாசலில் நின்றபடி, ஒருநாள் டெல்பினைப் பார்த்தேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பிள்ளை அழுதபோது எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். அதற்குள் எங்களில் யாரோ பிள்ளையைத் தூக்கியிருந்தோம். ஊன்றிய கையை அவள் மறுபடி மடக்கிக்கொண்டாள். எத்தனையோ தடவை அப்படி மடக்கியிருப்பாள், அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது.

அவளுக்குப் பால் ஊறவில்லை. பிள்ளை சப்பினால்தானே ஊறும் என்று நர்ஸம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சப்ப விட எங்கே நேரம், முதல் சிணுங்கலுக்கே வாசலில் ஒரு ஊர் நிற்கிறது. ஜோதிமணியும் மேலத்தெரு ஸ்டெபியும் முறை வைத்துக் கொடுத்தார்கள். பிள்ளையும் தாயைத் தவிர எல்லார் தோளிலும் தூங்கியது. சிலுவை குற்றவாளி மாதிரி அடுப்பிலேயே நின்றார். பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, நெத்திலி, மறுபடி மறுபடி பால்சுறா. எல்லாம் அவள் தலைமாட்டில் ஆறிக் கிடந்தது. அந்தப் புட்டுச் சட்டியைச் சுரண்டி, கழுவிய தண்ணீரைக்கூட மகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சட்டி அதற்கு முன் எத்தனையோ தடவை கழுவியாகிவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. ஊரில் எல்லாரும் சாப்பிட்டோம், அவளுக்கு மட்டும் அன்றைக்குக் கஞ்சி.

ஒரு மத்தியானம் ஜெபமாலையோடு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிள்ளையைப் பிரகாசி கடற்கரைக்குக் கொண்டுபோயிருந்தாள்.

“மாமி,” என்றாள், திரும்பாமலே. “அது எப்படி இருக்கும்?”

“எது தாயி?”

“இழுக்குதுன்னு எல்லாரும் சொல்லுதியளே, அது.”

பொய் சொல்ல மனம் வரவில்லை. தூண்டில் மாதிரி இருக்கும், தண்ணிக்குள்ளே யாரோ நம் பெயரைச் சொல்லுகிற மாதிரி இருக்கும், போகாமல் இருக்க முடியாது, போனால் இனிக்கும் என்று சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “எனக்கு ஒண்ணும் இழுக்கல. பெத்தது நான். எனக்குள்ள கெடந்த கொடி. மீரான் பாய்க்கு இழுக்குது, அல்போன்ஸ் மாமாவுக்கு இழுக்குது, எனக்கு இழுக்கல. அது அழுதா எனக்குச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. நான் தாயில்லையோன்னு இருக்கு மாமி. அவளைத் தொடவே பயமாயிருக்கு, யார் வீட்டுப் பிள்ளையையோ எடுத்த மாதிரி,” என்றாள்.

சந்தோசத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பெண்ணிடமிருந்து எதை வாரித் தின்றோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“என்ன செய்யணும் சொல்லு மக்களே.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். “ஒரு பொழுது யாரும் வராதிய. எவ்வளவு இழுத்தாலும் வராதிய. அவ அழட்டும், நான் இருக்கேன். முடியலன்னா நானே கூப்பிடுதேன்.”

சாமியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வயிற்றைத் தடவிக்கொண்டார், கஷ்டமான காரியம் என்றார், ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும், சங்கக் கூட்டம், கல்யாண ஓலை எல்லாம் வாசித்த பிறகு, அதே குரலில் வாசித்தார்: நாளைக் காலைப் பூசைக்குப் பிறகு டெல்பின் வீட்டுக்கு யாரும் போகக்கூடாது, கோயில் மணி அடிக்கும்வரை தெருவிலேயே யாரும் நிற்கக்கூடாது.

“மணி எதுக்குச் சாமி,” என்றான் இன்னாசி. “பிள்ளை பால் குடிச்சா நமக்கே தெரியுமே.”

“பிள்ளை பசியில செத்துகித்துப் போயிட்டா?” என்று ஜோதிமணி அழுகிற குரலில் கேட்டாள்.

“அதுக்குத் தாய் இருக்கா,” என்றேன். கோயிலில் நான் சத்தமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் ஊர் கடற்கரைக்குப் போய்விட்டது. சிலுவையையும் பிரகாசியையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். மீரான் பாய் கடையை அடைத்துவிட்டுக் கூடவே போனார். என்னை மட்டும் டெல்பின் இருக்கச் சொன்னாள். “நீங்க செவுத்துக்கு அந்தப்பக்கம் இருங்க மாமி. எனக்கு ஒரு ஆள் இருக்குன்னு இருக்கும். ஆனா வாயத் திறக்கப்படாது.” நான் கதவைச் சாத்திக்கொண்டு முழங்காலில் நின்றேன்.

பிள்ளை விழித்தது. எனக்குத் தொப்புள் நேராக இழுத்தது. பசி. சந்தேகமே இல்லை, பசி. சுவருக்கு அந்தப்பக்கம் டெல்பினின் குரல் கேட்டது.

“முழிச்சிட்டியா. இன்னைக்கு யாரும் வரமாட்டாவ. என்னைப் பாத்து அழாத, எனக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் சொல்லணும்.”

பிள்ளை அழுதது.

“துணியா? துணி நனையல. பின்ன என்ன? எறும்பா? எறும்பு இல்ல. வயித்துல காத்தா? தட்டுதேன் இரு.”

தட்டினாள். காற்று இல்லை, பசி, பசி என்று என் வயிறு கத்தியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், சுவர் மெல்லிசு. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். ஜெபமாலையில், திருவயிற்றின் கனி என்ற இடத்துக்கு வரும்போதெல்லாம் நாக்கு நின்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன், மறுபடி அங்கேயே நிற்பேன். இழுப்பு கூடிக்கொண்டே போனது. கடற்கரையில் நடந்ததைப் பிறகு சொன்னார்கள்: ஆண்கள் முழங்கால் வரை மணலில் காலைப் புதைத்துக்கொண்டு நின்றார்களாம், இன்னாசியும் அல்போன்சும் ஒருவர் இடுப்பை ஒருவர் கட்டிக்கொண்டார்களாம், சாமியார் ஒரு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாராம், மீரான் பாய் தன் பிரார்த்தனையை ஓதிக்கொண்டிருந்தாராம், ஜோதிமணிக்கு மார்பு நனைந்து தரையில் சொட்டியதாம். சிலுவை குப்புறப் படுத்து நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மகளே மகளே என்று மணலுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாராம், அது எந்த மகளை என்று யாருக்கும் தெரியவில்லையாம்.

இங்கே பிள்ளைக்குக் குரல் கம்மத் தொடங்கியது. டெல்பின் நடந்தாள். அறைக்குள் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் அவள் காலடி கேட்டது. தாலாட்டு அவளுக்குத் தெரியாது, கோயில் பாட்டு பாடிப் பார்த்தாள், பாதியில் விட்டாள். ஒரு நேரம் அவளும் அழுதாள், இரண்டு அழுகையும் ஒரே மாதிரி இருந்தது. இப்போது கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடுவாள் என்று ஆசைப்பட்டேன் என்பதே உண்மை. எழுந்து கதவுத் தாழ்ப்பாளில் கையும் வைத்துவிட்டேன்.

“பசியா?” என்றாள் அப்போது.

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தேன்.

“பசிதான் போல. பசின்னா எங்கிட்ட ஒண்ணும் இல்லயே பிள்ள. ஊருக்கெல்லாம் இருக்கு, எங்கிட்ட இல்ல. சரி, சும்மா சப்பிப் பாரு. ஒண்ணும் வரலைன்னா என்னைத் திட்டிக்க.”

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை விட்டு விட்டு அழுதது, தேடுகிற அழுகை. பிறகு இழுப்பு ஒரேயடியாக உச்சத்துக்குப் போனது, தொப்புளே வெளியே வந்துவிடும் என்று நான் கதவில் சாய்ந்தேன், பிறகு அது நடுங்கியது, தூண்டிலில் மீன் கொத்துகிற மாதிரி சின்னச் சின்னதாய், பிறகு ஒரு பக்கம் யாரோ கயிற்றைத் தங்கள் கையில் வாங்கிக்கொண்ட மாதிரி, மெதுவாக, மெதுவாக, தளர்ந்தது.

“மாமி,” என்று சுவருக்கு அந்தப்பக்கம் டெல்பின் சொன்னாள். “சட்டை நனையுது.”

வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாளே, நான் பேசவில்லை.

“பேசலாம் மாமி.”

“பேச்சு வரல தாயி,” என்றேன்.

கடற்கரையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, ஊரே ஒன்றாக மூச்சு விட்ட சத்தம். சொன்னபடி மணி அடிக்க யாருக்கும் ஞாபகமில்லை. சிலுவைதான் முதலில் வந்தார், மூக்கிலும் தாடியிலும் மணலோடு. வாசலுக்கு வெளியிலேயே நின்று, “மக்களே, வரலாமா?” என்று கேட்டார். “வாங்கப்பா, பசிக்குது,” என்றாள். அவர் நேராக அடுப்புக்குப் போய், ஒரு பக்கம் சாய்ந்து நின்று, நெருப்பு மூட்டினார். அன்றைக்கு அவள் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். பிரகாசி பக்கத்திலிருந்து, போதும்டி, சட்டியையும் கடிச்சிராத என்றாள்.

அதற்குப் பிறகு ஊருக்கு இழுப்பு நாளுக்கு நாள் மெலிந்தது. பிள்ளை குப்புற விழுந்தபோது ஒரு துடிப்பு, முதல் பல் வெட்டியபோது ஒரு துடிப்பு, அவ்வளவுதான். சாமியாரின் பிரசங்கம் பழையபடி நீண்டது. படகுக்காரர்கள் மறுபடி ஜிபிஎஸ் பெட்டியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் வயிறு வெறுமையாக இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனாலும் தெருவில் அந்தப் பிள்ளை யார் மடியில் போய் உட்கார்ந்தாலும் அது அவர்கள் மடிதான், யாரும் அதை யார் வீட்டுப் பிள்ளை என்று யோசிப்பதில்லை. ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் யார் என்று கேட்டபோது கோயிலில் எல்லாரும் எழுந்து நின்றார்கள், மீரான் பாயும் கடை வாசலிலிருந்து கையைத் தூக்கினார்.

சில மாதம் கழித்து ஒருநாள் பின்வாசலில் நானும் டெல்பினும் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டேன்.

“இப்ப உனக்கு இழுக்குதா தாயி?”

“இல்ல மாமி,” என்றாள், மீனின் தலையைக் கிள்ளியபடி. “எனக்கு ஒரு நாளும் இழுத்ததில்ல. நானாத்தான் போறேன்.”

சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீரில் அலசி, சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே நடந்தாள். எனக்குத் தொப்புளில் ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்குள் ஒரு சத்தமும் இல்லை, ஏன் போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசலைத் தாண்டின பிறகுதான் பிள்ளை அழத் தொடங்கியது.